நினைவகங்கள் மறக்கும் விதம்

கணினியைப் பிழைப்புக்காக அல்லாமல் விருப்பத்துக்காகக் கையாள்பவர்களைக் கணினி ஆர்வலர் என்று அழைப்பது வழக்கம். இவ்வகையினரின் வரலாறு பெரும்பாலும் 1975-ஆம் ஆண்டிலிருந்தே சொல்லப்படுகிறது. அவ்வாண்டு ஜனவரி மாதத்துப் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் இடம்பெற்ற ஆல்டேர் 8800 என்னும் கணினி உதிரி பாகங்களாக அஞ்சலில் வந்து சேர, வாங்கியவரே அவற்றைப் பற்றவைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அதன் அடிப்படை நினைவகம் 256 பைட். ஆங்கிலத்தில் நான்கைந்து வரிகள் எழுதினால் நிறைந்துவிடும் அளவு. திரையும் விசைப்பலகையும் இல்லாத அந்தப் பெட்டியில், முகப்பிலிருந்த சிறு விசைகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளி உள்ளிட்ட நிரல் முழுவதும், மின்சாரத்தை நிறுத்திய மறுகணமே மறைந்துவிடும். ஆகவே ஆர்வலர்கள் முதன்முதலில் எதிர்கொண்ட கேள்வி, கணக்கிடுவது எப்படி என்பதைக் காட்டிலும், கணக்கிட்டதை வைத்துக்கொள்வது எப்படி என்பதாகவே இருந்தது. அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் கூடிய ஆர்வலர்களும் தயாரிப்பாளர்களும், பாட்டுக் கேட்கும் கேசட்டிலேயே தரவைப் பதிவுசெய்ய ஒரு பொது முறையை வகுத்தனர். நொடிக்கு 1200 முறை அதிரும் ஒலியின் நான்கு அலைகள் சுழியத்தையும், 2400 முறை அதிரும் ஒலியின் எட்டு அலைகள் ஒன்றையும் குறிக்க, நொடிக்கு 300 பிட் என்ற வேகத்தில் தரவு நாடாவில் ஏறியது. பிட் என்பது ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லும் மிகச் சிறிய செய்தியலகு. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட்.

அந்தக் கேசட்டுக் காலத்திலிருந்து இன்றைய கைப்பேசி வரை வந்தவர்கள், எத்தனையோ வகைச் சேமிப்புக் கருவிகள் புகழோடு வந்து ஓசையின்றிப் போனதைப் பார்த்திருக்கின்றனர். அன்றாடத் தொழில்நுட்பம் பற்றி அவர்களுக்குள்ள கருத்துகளில் பொதுமக்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது சேமிப்பைப் பற்றியதே. எந்த நினைவகமும் தானாக எதையும் நெடுநாள் காப்பதில்லை. காப்பது, மனிதர் மீண்டும் மீண்டும் படியெடுத்து, எடுத்த படியைச் சரிபார்க்கும் உழைப்பே. கடையில் விற்கப்படும் ஒவ்வொரு சேமிப்புக் கருவியும் இந்த உழைப்பு இனித் தேவையில்லை என்ற எண்ணத்தை வாங்குபவரிடம் விதைத்துவிடுகிறது என்பதும், அந்த எண்ணத்தால் ஒரு தலைமுறையின் குடும்பப் படங்களும் குரல்களும் கண்ணெதிரே அழிகின்றன என்பதும் இவ்வுரையின் துணிபு.

ஒரு செய்தியைப் பதிவுசெய்வதென்றால், ஏதேனும் ஒரு பொருளைத் தன் இயல்பான நிலையிலிருந்து நகர்த்தி, அது திரும்பி வராதபடி ஒரு தடுப்பு வைப்பது என்று இயற்பியல் நோக்கில் சொல்லலாம். காந்தத் துகளின் திசையைத் திருப்பி வைப்பதும், சாயத்தைச் சுட்டு நிறம் மாற்றுவதும், மின்னூட்டத்தை ஒரு சிறு சிறைக்குள் அடைப்பதும் இதன் வகைகளே. வெப்பம் என்பது அணுக்களின் ஓயாத ஆட்டமாதலால், அந்த ஆட்டம் தடுப்பின்மீது இடைவிடாமல் மோதிக்கொண்டே இருக்கிறது. வேதிவினைகள் பல 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ இருமடங்கு விரைவடையும் என்பது பொறியாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. குளிர்நாட்டு ஆய்வகத்தில் கணித்த ஆயுளை, சித்திரை வெயிலில் காயும் மொட்டைமாடிக்கு நேர் கீழேயுள்ள அறைக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

முதலில் காந்தப் பதிவு. ஒலிநாடா, ஃபிளாப்பி, வன்தட்டு ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நாடாவின் காந்தத் துகள்கள் பிளாஸ்டிக் பட்டையின்மீது ஒருவகைப் பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றன. 1970-களிலும் 80-களிலும் பல நாடாக்களில் பயன்பட்ட பாலியூரிதேன் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்து பிசுபிசுப்பாகிவிடும். அத்தகைய நாடாவை ஓட்டினால் அது கிறீச்சிட்டபடி ஒலிமுனையில் ஒட்டி, பதிவையே உரித்துக்கொண்டு வரும். குறைந்த வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்தினால் சிறிது காலத்துக்கு மட்டும் பசை இறுகும். அந்த இடைவெளிக்குள் படியெடுத்துவிட வேண்டும். கடலோர ஊர்களில் இதோடு பூசணமும் சேர்ந்துகொள்கிறது. காந்தத்தைத் தாங்கும் பொருள் காந்தத்துக்கு முன்பே முதுமையடைகிறது என்பதுதான் இங்குள்ள செய்தி.

ஃபிளாப்பியைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது தகும். மூன்றரை அங்குல ஃபிளாப்பியின் இரு பக்கங்களிலும் பக்கத்துக்கு 80 வட்டத் தடங்கள், தடத்துக்கு 18 பகுதிகள், பகுதிக்கு 512 பைட் என அமைந்திருப்பதால், மொத்தம் 14,74,560 பைட் கொள்ளும். அட்டையில் அச்சிட்டிருப்பதோ 1.44 மெகாபைட். ஒரு மெகாபைட்டைப் பத்து இலட்சம் பைட் என்று கொண்டால் விடை 1.47 ஆகவும், 1024-ஐ 1024-ஆல் பெருக்கிய எண்ணாகக் கொண்டால் 1.41 ஆகவும் வரும். 1000-ஐ 1024-ஆல் பெருக்கிய, எவருக்கும் சொந்தமில்லாத ஒரு கலப்பு அளவைக் கொண்டால்தான் 1.44 வரும். இந்தக் குழப்பம் இன்றும் தீரவில்லை. ஒரு டெராபைட் என்று வாங்கிய வன்தட்டை விண்டோஸ் கணினி 931 ஜிகாபைட் என்று காட்டும்போது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக ஐயுறுவோர் பலர். தயாரிப்பாளர் பத்தின் மடங்கிலும் விண்டோஸ் இரண்டின் மடங்கிலும் எண்ணுவதே வேறுபாட்டுக்குக் காரணம். பைட் ஒன்றுகூடக் குறையவில்லை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் இரண்டின் மடங்குகளுக்குக் கிபி (kibi), மெபி (mebi), கிபி (gibi) என ஒலிக்கும் தனிப்பெயர்களைத் தந்தும், சந்தை அவற்றை ஏற்கவில்லை. ஓர் அளவைப் பெயருக்கு இரு பொருள் இருப்பதை எடைக்கல்லில் பொறுக்காத சமுதாயம் கணினியில் பொறுத்துக்கொள்வது சரியன்று.

வன்தட்டில் காந்தப் பதிவு பல்லாண்டு நிற்கக்கூடியது. முதலில் கெடுவது இயந்திரம். சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் படிமுனை மிதக்கிறது. தலைமுடியின் தடிப்பு அதைப்போலப் பல்லாயிரம் மடங்கு. அத்தகைய கருவியை ஆண்டுக்கணக்கில் அலமாரியில் போட்டுவைத்துவிட்டு ஒருநாள் எடுத்து இயங்கச் சொல்வது, ஓடாமல் நிறுத்திவைத்த வண்டியைத் திடீரென நெடுஞ்சாலையில் விரட்டுவதற்கு ஒப்பாகும்.

குறுந்தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு. கடையில் பாட்டோடு விற்கப்பட்ட தகட்டில் பதிவு, பிளாஸ்டிக்கில் அழுத்திய குழிகளாக இருக்கிறது. வீட்டில் எழுதிய சிடியில் அது ஒளிபட்டு நிறம் மாறிய கரிமச் சாயமாக இருக்கிறது. எந்த ஒளியால் எழுதப்பட்டதோ அதன் உறவான வெயில் வெளிச்சமே பின்னர் அதை வெளிறச் செய்கிறது. திருமண நிகழ்வைச் சிடியில் வாங்கி, கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி அடுக்கிய வீடுகள் எண்ணற்றவை. மற்றொரு செய்தியையும் பலர் அறிவதில்லை. சிடியின் பளபளக்கும் பக்கத்தை மட்டும் கீறலின்றிக் காத்து, பெயரெழுதும் பக்கத்தைக் கவலையின்றி மேசைமேல் வைப்பது வழக்கம். பளபளக்கும் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட தடிப்பில் பிளாஸ்டிக் காவல் நிற்க, பதிவு இருப்பதோ பெயரெழுதும் பக்கத்தின் மெல்லிய வார்னிஷுக்கு நேர் அடியில். கூர்மையான பேனாமுனை அங்கே அழுந்தினால் பதிவே போய்விடும். டிவிடியில் பதிவடுக்கு இரு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் இந்த ஆபத்து அதற்கு இல்லை.

இன்று பெரும்பாலோர் நம்பியிருப்பது ஃபிளாஷ் நினைவகத்தை. கைப்பேசி, பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி ஆகிய அனைத்துக்குள்ளும் இருப்பது இதுவே. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோக்கா 1980-களில் உருவாக்கிய இந்த நினைவகம், மின்கடத்தாப் பொருளால் சுற்றிலும் அடைக்கப்பட்ட ஒரு நுண்ணறைக்குள் மின்னணுக்களைத் தள்ளிவிட்டு, மின்சாரம் நின்ற பின்னும் அவை அங்கேயே தங்கும்படி செய்கிறது. அறையில் மின்னூட்டம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் படித்தல். தொடக்கத்தில் ஓர் அறைக்கு இரண்டு நிலைகளே இருந்தன: நிறைவு, வெறுமை. விலையைக் குறைப்பதற்காக அறைக்கு நான்கு நிலை, பின்னர் எட்டு நிலை, இப்போது 16 நிலை என்று பிரித்து, ஒரே அறையில் இரண்டு, மூன்று, நான்கு பிட் வரை வைக்கின்றனர். ஒரு படி அரிசியை நிறைந்திருக்கிறதா காலியா என்று சொல்வது எளிது. அதே படியில் 16 கோடுகளைக் கிழித்து, அரிசி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று சொல்ல வேண்டுமானால் ஒருபிடி சிந்தினாலும் விடை தவறும். மின்னூட்டம் அப்படித்தான் மெல்லக் கசிகிறது. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அறையின் சுவர் சற்றுத் தேய்வதால், பழகிய கருவியில் கசிவு கூடுதல். வெப்பம் அதை மேலும் விரைவாக்கும்.

இதற்கு ஒரு தொழில்தர வரையறை உண்டு. ஜெடெக் என்னும் அமைப்பு வகுத்த விதிப்படி, வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டி ஒன்று தனக்கு உரித்தான எழுத்தளவு முழுவதும் தீர்ந்த நிலையில், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காத்தால் போதுமானது. புதிய கருவி இதைவிட நெடுநாள் தாங்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஓராண்டில் எல்லாம் அழிந்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது. ஆயினும் பேழையில் பூட்டிவைத்துப் பேரனுக்குக் கொடுக்கும் பொருளாக இந்தக் கருவி வடிவமைக்கப்படவே இல்லை என்பதற்கு அந்த விதியே சான்று. மின்சாரம் கிடைக்கும்போது அதன் உட்கட்டுப்பாட்டுச் சில்லு, தளர்ந்த அறைகளைக் கண்டு வேறிடத்தில் புதிதாக எழுதிக்கொள்ள முடியும். அலமாரியில் கிடப்பதற்கு அந்த வாய்ப்பு இல்லை. பரிசாகக் கிடைக்கும் மலிவான பென் டிரைவுக்கோ இத்தகைய உறுதிமொழி எதுவும் அச்சிடப்படுவதே இல்லை. மகளின் பள்ளி விழாப் படங்களுக்கு ஒரே படியாக அதுவே இருப்பது மிகுந்த வேதனைக்குரியது.

பதிவு தானாகக் கசிவது ஒருபுறமிருக்க, வெளியிலிருந்தும் ஊறு வருகிறது. இன்டெல் நிறுவனத்தின் திமோதி மே, மர்ரி வுட்ஸ் ஆகிய இருவர், நினைவகச் சில்லின் பீங்கான் உறையில் மிகச் சிறு அளவில் கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் உமிழும் ஆல்ஃபா துகள்களே சில பிட்டுகளைப் புரட்டிவிடுகின்றன என்று 1970-களின் இறுதியில் கண்டறிந்தனர். விண்ணிலிருந்து வரும் கதிர்களின் விளைவும் இதுபோன்றதே. பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் 2003 மே மாதத் தேர்தலில், ஒரு வேட்பாளருக்கு அவர் பெற்றிருக்கவே முடியாத அளவில் வாக்குகள் பதிவாயின. மிகுதி சரியாக 4096. அந்த எண் இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவது. அதாவது, எண்ணிக்கையைத் தாங்கிய இடத்தில் பதின்மூன்றாவது பிட் மட்டும் சுழியத்திலிருந்து ஒன்றாகப் புரண்டிருக்கிறது. நிரலில் பிழை ஏதும் கிடைக்காததால், விண்கதிர் ஒன்றே காரணமாக இருக்கக்கூடும் என்று ஆய்ந்தவர்கள் கருதினர். வாக்கு எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதானதால்தான் அது கண்ணில் பட்டது. கீழ்வரிசைப் பிட் ஒன்று புரண்டிருந்தால் எவருக்கும் தெரிந்திராது.

பிழையைக் கருவியே கண்டு திருத்தும் கலைக்கு வித்திட்டவர் பெல் ஆய்வகத்தின் ரிச்சர்டு ஹாமிங். வார இறுதியில் ஆளின்றி ஓடும் கணிப்பான், ஒரு பிழையைக் கண்டதும் அவருடைய கணக்கைக் கைவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவதைப் பார்த்துச் சலித்த அவர், பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்குப் பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் ஏன் கண்டுபிடிக்க முடியாது என்று வினவி, 1950-இல் விடையை வெளியிட்டார். நான்கு பிட் செய்தியோடு மூன்று சரிபார்ப்புப் பிட்டுகளைக் குறிப்பிட்ட முறையில் சேர்த்துவிட்டால், ஏழில் ஏதேனும் ஒன்று புரண்டாலும் எது புரண்டது என்று தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் திருப்பிவிடலாம். ரீடும் சாலமனும் 1960-இல் தந்த வலுவான முறையின் வழிவந்த ஏற்பாட்டால், குறுந்தகட்டின் தடத்தில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளம் முழுதாகப் பழுதுற்றாலும் பாட்டில் குறை கேட்பதில்லை.

இந்த அரிய கலைக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. ஆர்வலர்கள் வலியுறுத்த வேண்டிய செய்தியும் அதுதான். பழைய ஒலிநாடா கெடும்போது இரைச்சல் மெல்ல மெல்லக் கூடும். கேட்பவர் எச்சரிக்கையடைந்து படியெடுத்துக்கொள்வார். எண்முறைக் கருவியோ உள்ளே பிழைகள் பெருகும்போதெல்லாம் அவற்றைத் திருத்தித் திருத்தி, குறையற்ற முகத்தையே வெளியே காட்டிக்கொண்டிருக்கும். திருத்தும் எல்லை கடந்த நாளில் கோப்பு திறக்காது. நேற்றுவரை நன்றாக இருந்ததே என்று கலங்குவோர் அறியாதது, நேற்றே அது விளிம்பில் நின்றது என்பதை.

பதிவு சிதையாமல் இருந்தும் படிக்க முடியாமற்போவது வேறொரு வகை மறதி. இங்கிலாந்தில் 1086-இல் முதலாம் வில்லியம் மன்னர் எடுத்த நிலக்கணக்கான டூம்ஸ்டே நூலின் 900-ஆம் ஆண்டையொட்டி, பிபிசி நிறுவனம் 1986-இல் நாடு முழுவதிலும் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு படங்களும் கட்டுரைகளும் திரட்டி, 12 அங்குல லேசர் தகடுகளில் பதித்து வெளியிட்டது. அதைப் படிக்கத் தனியாக ஒரு பிலிப்ஸ் கருவியும் பிபிசி மாஸ்டர் கணினியும் வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்குள் இரண்டும் அருகிப்போக, தகடு கெடாமலிருந்தும் உள்ளிருப்பது எட்டாததாயிற்று. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் பழைய கணினியைப் புதிய கணினிக்குள் நிரலாக நடிக்கவைத்து அதை மீட்க வேண்டியிருந்தது. 1086-இன் தோல் ஏடுகளை இன்றும் ஒருவர் கண்ணால் படிக்கலாம்.

இதற்கு மறுபக்கமாக ஒரு நிகழ்ச்சி உண்டு. அப்போலோ தரையிறங்குவதற்கு இடம் தேட 1966, 67-இல் நாசா அனுப்பிய லூனார் ஆர்பிட்டர் கலங்கள் நிலவைப் படமெடுத்து அனுப்பியவை பெரிய காந்த நாடாக்களில் பதிவாயின. அந்நாடாக்களை அழிய விடாமல் காத்த நாசா ஆவணப் பொறுப்பாளர் நான்சி எவன்ஸ், அவற்றை ஓட்டவல்ல ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்னும் ஆளுயர இயந்திரங்கள் கழிவுப் பொருளானபோது அவற்றையும் வாங்கித் தம் வீட்டுக் கார்க் கொட்டகையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வைத்திருந்தார். 2008-இல் கலிஃபோர்னியாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில், மூடப்பட்ட ஓர் உணவுக்கடைக் கட்டடத்தில் அவ்வியந்திரங்கள் பழுதுபார்க்கப்பட்டு ஓட, நிலவின் விளிம்புக்கு மேலே பூமி தோன்றும் 1966-ஆம் ஆண்டுப் படம், முன்பு அச்சில் எவரும் கண்டிராத நுட்பத்துடன் வெளிவந்தது. நாடாவை மட்டும் காத்து இயந்திரத்தைக் கைவிட்டிருந்தால் அந்தப் படம் பிறந்திராது. அதே நாசாவில் அப்போலோ 11-இன் மூலத் தொலையளவு நாடாக்கள் அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கக்கூடும் என்று 2009-இல் அறிவிக்கப்பட்டதையும் சேர்த்து நினைத்தால், அந்தக் கார்க் கொட்டகையின் அருமை விளங்கும்.

கருவியும் இருந்து, கோப்பும் திறந்து, பொருள் மட்டும் தொலைந்துபோகும் மூன்றாம் வகை மறதியைத் தமிழர் போல் பட்டறிந்தவர் குறைவு. கணினிக்குள் எழுத்தென்று ஒன்று கிடையாது. எண்கள் மட்டுமே உண்டு. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற உடன்பாட்டுக்குக் குறியேற்றம் என்று பெயர். 1990-களில் தமிழுக்குப் பொது உடன்பாடு வழக்கில் இல்லாததால், எழுத்துரு வடிவமைத்தவர் ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்துக்குரிய எண்களின்மீது தமது விருப்பப்படி தமிழ் வடிவங்களைப் போர்த்தினர். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பெருவழக்காக இருந்த பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதிய கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் அவையே வரிவரியாகத் தோன்றும். எழுதியவர் இன்னது எழுத்துரு என்று ஒரு வார்த்தை குறித்துவைத்திருந்தால் மாற்றி நிரல் கொண்டு நொடியில் மீட்கலாம். குறிக்காவிட்டால் ஊகமும் பொறுமையும் வேண்டும். சங்க மலர்கள், ஊர்த் திருவிழா மலர்கள், கையெழுத்துப் பிரதியிலிருந்து அரும்பாடுபட்டுத் தட்டச்சிட்ட நூல்கள் எனப் பலவும் பழைய எழுத்துருக்களில் அடைபட்டு இன்னும் வீட்டு வன்தட்டுகளில் கிடக்கின்றன.

இணையவழித் தமிழர்கள் கூடி வகுத்த டிஸ்கி, தமிழக அரசு 1999-இல் ஏற்ற டாம், டாப் ஆகிய குறியேற்றங்கள் இந்தச் சிதறலைக் குறைத்தன. இறுதியில் 1991 முதல் தமிழுக்கும் இடம் தந்திருந்த ஒருங்குறி, அதாவது யுனிகோட், நிலைபெற்றது. ஒருங்குறியிலும் கவனிக்கத்தக்க நுணுக்கம் உண்டு. 'கொ' என்ற எழுத்தைக் ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று எண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டும் சமம் என்றே ஒருங்குறி விதியும் சொல்கிறது. ஆனால் அந்த விதியைக் கவனியாமல் எழுதிய தேடுநிரலில், 'கொடி' என்று தேடினால் கண்ணெதிரே இருக்கும் 'கொடி' கிடைக்காது. இருந்தபோதிலும் ஒருங்குறியில் எழுதிய வெற்றுரைக் கோப்பே, அதாவது அலங்காரம் ஏதுமின்றி எழுத்தின் எண்களை மட்டும் கொண்ட கோப்பே, எந்த நிறுவனத்தின் செயலியையும் சார்ந்திராமல் நெடுநாள் வாழத் தகுந்தது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள், டிஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியதால்தான் அவை இன்று எந்தக் கைப்பேசியிலும் திறக்கின்றன.

படியெடுக்க முனைவோர்க்கு, புகைப்படக் கலைஞர் பீட்டர் கிராக் பரப்பிய மூன்று, இரண்டு, ஒன்று என்ற எளிய கணக்கு உதவும்: படிகள் மூன்று, அவை இருக்கும் கருவி வகை இரண்டு, அவற்றில் ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளில், மேசைக் கணினியும் அதன் படியைத் தாங்கிய வன்தட்டும் ஒரே அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்திருந்தால் அவை இரண்டு படியாகக் கணக்கில் வரா. மேகச் சேமிப்பு எனப்படுவது வேறொருவர் கணினியில் வைக்கும் படியாதலால் அந்த மூன்றாம் இடத்துக்குப் பொருத்தமானதே. ஆனால் அதுவே ஒரே இடமாகக் கூடாது. 1990-களின் இணையவீடாகப் பலர் கட்டியெழுப்பிய ஜியோசிட்டீஸ் பக்கங்களை உரிமை நிறுவனம் 2009-இல் மூடியபோது, தன்னார்வலர்கள் இரவும் பகலும் நகலெடுத்த பகுதியே எஞ்சியது. மேலும், கைப்பேசியில் அழித்த படம் மேகத்திலும் தானாக அழியும்படி இணைத்திருந்தால் அதற்கு ஒத்திசைவு என்று பெயர். அதைப் பேக்கப் என்று நம்புவது தவறு.

செய்திச் செயலி வழியாக அனுப்பிய படத்தை மூலப்படி என்று கொள்வதும் இத்தகைய தவறே. ஜேபெக் முறை படத்தைக் குறுக்கும் நெடுக்கும் எட்டுப் புள்ளி கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்விவரங்களைக் களைந்து அளவைக் குறைக்கிறது. களைந்தவை திரும்பி வருவதில்லை. செயலி படத்தை மேலும் சிறிதாக்கி, எடுத்த நாளும் நேரமும் போன்ற உட்குறிப்புகளையும் பெரும்பாலும் நீக்கிவிடுகிறது. கை மாறி மாறி வந்த படத்தில் பாட்டியின் புடவைக் கரை வெறும் நிறப்பூச்சாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

எடுத்த படி மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்பதைக் கண்ணால் காண இயலாது. அதற்கு ஆர்வலர்கள் பயன்படுத்துவது சரிபார்ப்பு எண்; கோப்பு முழுவதையும் ஒரு கணக்கில் செலுத்தி 64 குறிகள் கொண்ட ஒரு கைரேகையைப் பெறும் ஷா-256 என்பது அவற்றுள் ஒன்று. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த ரேகை முற்றிலும் வேறாகிவிடும். ஆண்டுக்கொரு முறை ரேகைகளைக் கணக்கிட்டு முந்தைய பட்டியலோடு ஒப்பிட்டால், எந்தப் படி கெட்டிருக்கிறது என்று தெரிந்து, கெடாத படியிலிருந்து அதைப் புதுப்பிக்கலாம். ஓலைச்சுவடி மரபை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. செல்லும் ஈரமும் அரிக்கும் இந்த மண்ணில் ஓலையைத் தலைமுறைதோறும் பெயர்த்து எழுதிவந்தவர்களால்தான் பழைய நூல்கள் எஞ்சின. பெயர்த்தெழுதும்போது நேர்ந்த பிழைகளைக் காண, பல ஊர்ச் சுவடிகளை அருகருகே வைத்து ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் செய்தது அந்தக் கடும் உழைப்பையே. படிகள் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதை 1981-இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் ஆறாத வடுவாகச் சொல்கிறது. அங்கே அழிந்தவை 97,000 அளவிலான நூல்களும் சுவடிகளும். 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படியாக்கி எவரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருப்பதால், ஒரு தீயால் அனைத்தும் போய்விடாத நிலை அவற்றுக்கு வாய்த்திருக்கிறது.

போகியன்று பழைய கேசட்டுகளும் ஃபிளாப்பிகளும் மூட்டையாக வீட்டைவிட்டு வெளியேறுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவற்றில் இருப்பது கடையில் வாங்கிய பாட்டானால் கவலையில்லை; மறைந்த ஒருவரின் குரலானால், அதற்கு உலகில் வேறு படி கிடையாது. பரணிலுள்ள டேப் ரிக்கார்டர் ஓடவில்லை என்றால், பெரும்பாலும் கெட்டிருப்பது உள்ளே சக்கரத்தைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் மட்டுமே. தார்போல் உருகி ஒட்டியிருக்கும் அதைத் துடைத்தெடுத்துப் புதிய பெல்ட்டை மாட்டி, ஒலிமுனையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தால் கருவி பெரும்பாலும் எழுந்துவிடும். அப்படியும் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மந்தமாகக் கேட்டால், நாடாவைப் பதிவுசெய்த கருவியின் ஒலிமுனை நின்ற சாய்வும் இந்த ஒலிமுனையின் சாய்வும் சற்றே வேறுபடுகின்றன என்று பொருள். ஒலிமுனையின் ஓரத்தில் இதற்கென்றே ஒரு சிறு திருகாணி இருக்கிறது. நாடா ஓடிக்கொண்டிருக்கும்போது அதைக் கால்சுற்று, அரைக்கால்சுற்று என்று மெல்லத் திருப்பினால், ஓரிடத்தில் மெல்லின வல்லினங்கள் பிரிந்து, சொற்களுக்கு நடுவே எடுத்த மூச்சும் காதில் விழும்.